இருபத்து நான்கு

பகலில் எண்கள் ஏறும்.
ஆஸ்பத்திரி மூன்றாம் மாடி, எலும்புப் பிரிவு.
நூற்றுப் பதினொன்று, நூற்றுப் பன்னிரண்டு,
வராவிட்டால் இந்தியில் ஒரு தரம், வங்காளியில் ஒரு தரம்.
யாராவது எழுந்து வருவார்
எக்ஸ்ரே உறையை மார்போடு அணைத்து.

சாயங்காலம் எண்கள் இறங்கும்.
காட்பாடியில், பள்ளி மைதானத்து சிமெண்ட் கோர்ட்டில்,
மேசையோரம் நின்று
இருபத்து நான்கிலிருந்து எண்ணியது நான்தான்.

லீக்கின் முதல் வருஷம்.
ஆறு ஊர், ஆறு அணி,
ஐந்துக்குத்தான் ஜெர்சி வந்திருந்தது.
அரக்கோணத்துக்காரர்கள் வெள்ளை பனியனில்
மார்க்கர் பேனாவால் எண் எழுதி ஆடினார்கள்.
இரண்டாம் பாதியில் வியர்வை ஊறி
எட்டெல்லாம் மூன்றாகும்.
பவுல் எழுதும் ஜோதிலிங்கம் தலையில் கைவைப்பார்.

சென்னையிலிருந்து வந்த கடிகாரம்
ஒரே ஓர் ஆட்டம் ஓடியது.
மே மாத வேலூர் வெயில்.
மறுநாள் அதில் எந்த எண்ணும் எட்டுதான்.
"எங்க ஓ.பி.யில ஒரு பொம்பளை இருக்கு,
கூப்பிட்டா படுத்தவன் எழுந்து வருவான்"
என்றாராம் பிசியோதெரபி தேவசகாயம்.
ஆட்டத்துக்கு நூற்றைம்பது. டீ தனி.

கூட்டம் என்றால்
ஷூ கம்பெனிப் பெண்கள், மூன்று பஸ் நிறைய.
கம்பெனி முதலாளிதான் வேலூர் அணிக்கும் முதலாளி.
ஷிப்ட் விட்ட பஸ்
ஆட்டம் முடிந்தால்தான் குடியாத்தம் ரோட்டில் திரும்பும்.
அதனால் வந்தார்கள்.
முதல் வாரம் ஒருத்தி தோளில் ஒருத்தி தூங்கினார்கள்,
விரலிடுக்கில் பசை உலர்ந்திருக்க.
மூன்றாம் வாரம் "ஸ்டெப்ஸ் சார், ஸ்டெப்ஸ்!" என்று
நடுவரை உண்டு இல்லை என்று ஆக்கினார்கள்.
ஐந்தாம் வாரம்
பத்து, ஒன்பது, எட்டு என்று
மூன்று பஸ்ஸும் என்னோடு இறங்கின.

வாணியம்பாடி அணியில் இம்தாதுல்லா.
இடது கைக்காரர். எட்டு ஆட்டம், ஆறு ஆட்டத்துப் பணம் பாக்கி.
"பந்தைத் தரையில போட்டா கைக்கு வருது,
அவங்க செக்கை பேங்க்ல போட்டாலும்
கைக்கே வருதுக்கா"
என்பார், முழங்காலுக்கு பேண்டேஜ் சுற்றிக்கொண்டே.

கடைசி ஆட்டம், வேலூரோடு.
ஒரு புள்ளி பின்னால் வாணியம்பாடி.
ஆட்டத்தில் மிச்சமும்
என் வாயில் மிச்சமும் ஒன்றாகிவிட்டன.
ஜோதிலிங்கம் ஸ்டாப்வாட்சை விட்டுவிட்டு
என் உதட்டைப் பார்த்தார்.
ஐந்து. நான்கு.
இம்தாதுல்லா ஒருவனைத் தாண்டி
இன்னொருவனிடம் சிக்கி
முழங்காலை இழுத்து வெளியே வந்தார்.
மூன்று.
இரண்டு.

ஜோலார்பேட்டைப் பக்கம் போகிற சரக்கு வண்டி
அப்போது ஹாரன் அடித்தது உண்மை.
ஆனால் நான் வாயைத் திறக்கவே இல்லை என்பதும் உண்மை.
இரண்டுக்கும் ஒன்றுக்கும் நடுவில்
ஓர் ஆள் நின்று, மூச்சு விட்டு,
குறி பார்க்கிற அளவு இடம் இருந்தது.
நான் மட்டும் சொல்லாமல் விட்டேன் என்றால் சரி.
மூன்று பஸ் பெண்களும் சொல்லவில்லை.
வேலூர்க் கம்பெனிச் சம்பளம் வாங்குகிறவர்கள்.

பந்து கையை விட்டுப் போனபின்
எல்லோரும் சேர்ந்து சொன்னோம், ஒன்று.

வளையத்தில் பட்டது.
பட்டு, சுற்றி,
செக் மாதிரி திரும்பி வந்தது.

முதலாளி மாலையோடு எழுந்தார்.
பஸ்கள் கிளம்பின.
என் நூற்றைம்பதும் இன்னும் வரவில்லை.

ஜூலையில் மூன்றாம் மாடியில்
கடைசி வரிசை நாற்காலியில் அவர்.
நூற்று நாற்பத்து மூன்று என்றேன்.
இடது கையை ஊன்றி எழப் பார்த்தார்,
உட்கார்ந்தார், மறுபடி பார்த்தார்.
பின்னால் நாற்பத்து நான்கு முணுமுணுத்தது.
மைக்கை மூடிக்கொண்டு
நின்றேன்.