வியாழன், நான்கு மணி

சட்பரி. கல்லூரி ஜிம்மின் கீழ்த்தளம்.
ஏழு பாய்கள்; என்னுடையதில் காய்ந்த சூயிங்கம்.

"குதிகாலில் எடையை வை" என்கிறாள் மார்கெரித்.
எந்தக் குதிகால்?
நவம்பரிலிருந்து நான்
கழுத்துக்கு மேலேதான் குடியிருக்கிறேன்.

"சாகலாம் என்ற அந்த நினைப்பு
உடம்பில் எங்கே இருக்கிறது?"
யாரும் அதற்கு விலாசம் கேட்டதில்லை.
காரை எலும்புக்குப் பின்னால், என்றேன்,
விழுங்கிய சட்டைப் பொத்தான் மாதிரி.
அவள் அதைப் பிடுங்க வரவில்லை.
"சரி. அதையும் வைத்துக்கொண்டே மூச்சு விடு."

பக்கத்துப் பாயில் ட்ரிஸ்டனின் வயிறு
கடமுடவென்று உருண்டது.
சிரித்துவிட்டேன்.
விலா நொந்தது.
விலா என்று ஒன்று இருந்திருக்கிறது.

வெளியே மைனஸ் இருபத்தாறு.
பொத்தான் அங்கேயேதான்.
பஸ் வரும்வரை
பூட்ஸுக்குள் விரல்களை
ஒவ்வொன்றாய்ப் பெயர் கூப்பிட்டேன்.
இடது சுண்டுவிரல்
கடைசியாக, சுணங்கி,
"உள்ளேன்" என்றது.