ஜன்னல் இல்லாத இருக்கை

எங்கள் கப்பலில் ஐந்து இருக்கைகள்.
நான்கிலிருந்து பார்த்தால் விண்மீன்கள் தெரியும்.
ஐந்தாவது என்னுடையது.

அடிவயிற்றில், எஞ்சினுக்குப் பக்கத்தில்,
மூன்று பட்டைகள் மட்டும் ஒளிரும் ஒரு திரை:
கவசம், உந்துவிசை, பீரங்கி.
இருப்பதோ நூறு. மூன்றுக்கும் பிரிக்க வேண்டும்.
மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர்களுக்கு
இதைத் தனியாகக் கற்றுத்தர வேண்டியதில்லை.

ஓட்டுவது தோஹாவிலிருந்து மயூரதன்.
சுடுவது தம்மாமிலிருந்து நெய்னா;
குறி தப்பினால் ஹெட்செட்டைத் திட்டுவான்.
வழி பார்ப்பவன் சலாலாவில் ஷிபின்.
சரக்குக்குக் காவல் மஸ்கட்டில் ஒரு கணக்காளர்,
பெயர் கேட்டால் சிரிப்பார்.
நான் குவைத்தில், ஃபர்வானியாவில், மூன்றாவது மாடியில்
ஒரு திரைச்சீலைக்கு இந்தப் பக்கம்.
அந்தப் பக்கம் லிஜி. விடிந்தால் அவளுக்கு ஷிப்ட்.

"பெல்சி நேர்ஸ்தானே, பராமரிப்பை அவளிட்டக் குடுப்பம்."
முதல் நாளே முடிவாகிவிட்டது.
யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.
டயாலிசிஸ் பிரிவில் பன்னிரண்டு மெஷின்களுக்கு நடுவே
பகலெல்லாம் எண்களைப் பார்த்துவிட்டு வந்தவள்
இரவிலும் எண்களைப் பார்த்தேன்.
எட்டு மாதம். நாற்பது கோள்களைக் கடந்தோம்.
ஒன்றின் நிறமும் எனக்குத் தெரியாது.

"வலது கவசம் அறுபது" என்பேன்.
"ம்" என்பான் மயூரதன்.
அந்த "ம்" எனக்குப் பிடிக்கும். அதையும் சொல்ல வேண்டும்.
பாறைமழைக்குள் ஐந்து பேரும் ஒரே மூச்சாய்ப் போவோம்.
யாருக்கும் யாரும் நன்றி சொல்ல
நேரமே இருக்காது.

புழுதிக்காற்றில்
எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டிகள்கூட மறைந்துபோன
ஒரு வெள்ளிக்கிழமை,
ஒற்றை ஆள் கப்பல் ஒன்றை வாங்கினேன்.
சேர்த்துவைத்த பங்குக் காசு மொத்தமும் போயிற்று.
மீன்பெட்டி அளவுதான். ஆனால்
முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி.
யாரிடமும் சொல்லவில்லை.

போனேன்.
வழி கேட்கவில்லை, வழி சொல்லவும் ஆளில்லை.
வளையம் சூழ்ந்த ஒரு கோள் வந்தது,
சுலைமானியில் எலுமிச்சை விழுந்த கணத்தின் நிறத்தில்.
"அட" என்றேன் வாய்விட்டு.
கேட்க ஆளில்லாத ஓர் "அட"
எவ்வளவு நேரம் அறையில் தங்கும் என்று
அன்றுதான் தெரிந்தது.

பிறகு எரிபொருள் தீர்ந்தது.
கோளைப் பார்த்துக்கொண்டிருந்ததில்
பட்டையைப் பார்க்கவில்லை.
நான்! பட்டையை!

உதவிப் பொத்தான் சிவப்பில் துடித்தது.
அழுத்தினால் நால்வருக்கும் மணியடிக்கும்.
நால்வரும் வருவார்கள்.
வந்து, ஏன் சொல்லவில்லை என்பார்கள்.
அழுத்தவில்லை. இருபது நிமிடம்.
வளையத்தின் நிழல் கோளின் மேல் ஊர்ந்தது.
ஏசி நின்று, யோசித்து, மறுபடி ஓடியது.

இருபத்தோராவது நிமிடம் மயூரதனே வந்தான், எழுத்தில்:
"உன்ர இருக்கையில இருந்து பாத்தன்.
நெய்னாதான் ஓட்டினவன். மூண்டு தரம் செத்தம்.
இஞ்ச யன்னலே இல்லையே?"

இல்லை என்று அனுப்பினேன்.
கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை.
"எங்க நிக்கிறாய்?"

இடத்தின் எண்ணைக் கொடுப்பதற்கு முன்
கோளை ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

இப்போது அடிவயிற்றில் முறைவைத்து உட்காருகிறோம்.
வாரத்தில் இரண்டு இரவு அவர்களோடு,
வெள்ளிக் காலை என்னோடு.
நெய்னாவுக்குப் பிரிக்க வராது, எல்லாவற்றையும்
பீரங்கிக்கே கொடுத்துவிடுவான்; சாகிறோம்.
அதற்கு நான் பொறுப்பில்லை என்று பழகத்தான்
நாளாகிறது.

போன வெள்ளி, பிரிக்கக் கவசமே இல்லாத
என் மீன்பெட்டியை உரசிக்கொண்டு
ஒரு பாறை போனது.
"வலது அறுபது!" என்றேன் சத்தமாக.
"ம்" வரவில்லை.

திரைச்சீலைக்கு அந்தப் பக்கமிருந்து
பாதித் தூக்கத்தில் லிஜி:
"ஆர்க்காடி பிரஷர் அறுபது?"