ஊதா மூடி

மழையில் ஊறிய பையிலிருந்து
இரண்டு குழாய்களை எடுத்து வைக்கிறான் டெலிவரிப் பையன்.
ஒன்று ஊதா மூடி, ஒன்று சிவப்பு.
'மேடம், ஜூஸா இது?' என்கிறான் கன்னடத்தில்.
'ஒரு நாயின் மார்பில் தேங்கியது' என்றேன்.
கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு
படியிறங்கிப் போனான்.

மிளகு. பெண். ஒன்பது வயது. நாட்டு நாய்க் கலப்பு.
மூச்சிரைப்பு, பதினோரு நாளாக.
வலப்பக்கம், ஏழாம் விலா இடுக்கில் ஊசி.
எண்ணூறு மில்லி.
வளர்ப்பவர்: டெல்ஃபின் மேரி, லிங்கராஜபுரம்.

நிறம் என்ற கட்டத்தில்
வைக்கோல் நிறம் என்று எழுதச் சொல்லும் பாடநூல்.
எந்த ஊர் வைக்கோல்?
நாமக்கல்லில் படித்தபோதே எனக்கு இந்தச் சந்தேகம்.
இதுவோ மாதுளை ஓடு
இரவெல்லாம் ஊறிய தண்ணீர்.
'இளஞ்சிவப்பு, கலங்கல்' என்று மட்டும் எழுதினேன்.

புரதம் மூன்றரை.
சென்ட்ரிஃபியூஜ் சுழல்கிறது.
அதே சுருதியில் கீழே, கார் நிறுத்தும் தளத்தில்,
மோட்டார் தண்ணீர் இறைக்கிறது.
இந்த லேஅவுட் ஏரியாக இருந்ததாம்.
விற்றவர் சொல்லவில்லை.
ஜூலை சொன்னது.

இந்தக் காற்றில் ஸ்லைடு காய மறுக்கிறது.
விசிறிபோல் ஆட்டி ஆட்டிக் கை சலித்தபின்
சாயத்தில் இறக்கினேன்.
எண்ணெய் ஒரு சொட்டு.

சிவப்பணுக்கள். எதிர்பார்த்ததுதான்.
நுரைத்துப்போன மேக்ரோஃபேஜ் ஒன்று
வயிற்றுக்குள் இரண்டை விழுங்கி வைத்திருக்கிறது.
அப்படியென்றால் ஊசி கிழித்த ரத்தமில்லை,
முன்பே கசிந்தது.

பிறகு அவை.
கொத்துக் கொத்தாய், பருத்து, கருநீலமாய்.
ஓருடலில் இரண்டு உட்கரு, ஒன்றில் நான்கு.
ஒன்று நடுவில் பிளந்துகொண்டிருந்திருக்கிறது
சாயம் வந்து நிறுத்தும்வரை.

புற்று என்கிற மூன்றெழுத்து
விரல்நுனிக்கு வந்துவிட்டது.

போன டிசம்பரில் அப்படி எழுதினேன்.
புரூனோ, லாப்ரடார், இந்திரா நகர்.
அன்று மாலையே தூங்க வைத்தார்கள்.
திறந்து பார்த்தபோது
நுரையீரலின் ஒரு மடல் முறுக்கிக்கொண்டிருந்தது.
அவ்வளவுதான். வெட்டி எடுத்திருக்கலாம்.
கட்டி எங்கும் இல்லை.
யாரும் என்னைத் திட்டவில்லை.
ரிப்போர்ட்டுக்கான பணம்கூட
நேரத்துக்கு வந்தது.

ஃபோகஸை மயிரிழை திருப்பினேன்.
செல்லின் ஓரத்தில் பிசிர்,
புதுத் துண்டின் குஞ்சம்போல், இளஞ்சிவப்பாய்.
இவை அங்கேயே குடியிருந்தவை.
நுரையீரலுக்கும் விலாவுக்கும் நடுவே
ஒட்டிக்கிடக்கும் இரண்டு தாள்களின் இடைவெளி,
இடம் என்று சொல்லவே முடியாத இடம்,
அங்கே ஒற்றை வரிசையில் தட்டையாய்
பேசாமல் கிடந்தவை.
தண்ணீர் வந்ததும் பிடி நழுவி,
மிதந்து, உப்பி,
என்ன செய்வதென்று தெரியாமல் பெருகியவை.
பயந்த முகமும் கெட்ட முகமும்
ஆயிரம் மடங்கில் ஒன்றுபோல்தான் இருக்கின்றன.

ஆனால் பிசிரில்லாத கொத்து ஒன்றும்
ஸ்லைடின் இடது மூலையில் இருக்கிறது.
இருபது நிமிடமாய் அதைத்தான் பார்க்கிறேன்.

போன்.
'கிளினிக்ல நம்பர் வாங்கினேன்மா.
நல்லதா கெட்டதா, அத மட்டும் சொல்லிடு.
பத்து ராத்திரியா உக்காந்தே தூங்கினா.'
லேப் நேரடியாகப் பேசக்கூடாது என்பது விதி.
'இப்ப எப்படி இருக்கா?' என்று கேட்டுவிட்டேன்.
'தண்ணி எடுத்தப்புறம் கால நீட்டிப் படுத்தா.
அரை இட்லி தின்னா.'
பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம்.
அவரும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.

முடிவு என்ற கட்டத்தில்
'உறுதி சொல்ல இயலாது' என்று அடித்தேன்.
'மடல் முறுக்கு உண்டா என ஸ்கேன் பார்க்கவும்.
நீர் மீண்டும் சேர்ந்தால் அனுப்பவும்.'
'சேர்ந்தால்' என்பதை நீக்கினேன்.
திரும்பவும் சேர்த்தேன்.

மிச்ச நீரில் ப்ளீச் ஊற்றி
சிங்க்கில் கவிழ்க்கும்போது கவனித்தேன்,
கீழே மோட்டார் நின்றிருக்கிறது.
வற்றிவிட்டதா, எரிந்துபோனதா,
யாராவது இறங்கிப் பார்க்க வேண்டும்.