ஒன்றரை மாத்திரை

செத்து, ஊசி குத்தி, பெட்டிக்குள் கிடக்கையில்
எல்லாம் ஒன்றுதான்:
இளஞ்சிவப்புக் கழுத்து, அதன்மேல் கறுப்பாய் ஒரு சிலுவை,
கரி பூசிய இறக்கை.
கெஞ்சி மின்மினி என்பார்கள் ஜப்பானில்.
போரில் வென்ற ஒரு குலத்தின் பெயராம்.
தமிழ்க் காதில் வேறு மாதிரி விழுகிறது.
அதுவும் தப்பில்லை,
ஆண்பூச்சி ஆற்றோரம் செய்வது அதைத்தான்.

உயிரோடிருக்கும்போதுதான் இரண்டாகப் பிரிகிறது.
மேற்கே பிறந்தது இரண்டு நொடிக்கு ஒருமுறை மின்னும்,
கிழக்கே பிறந்தது நாலு நொடிக்கு ஒருமுறை.
குறில் அந்தப் பக்கம், நெடில் இந்தப் பக்கம்,
நடுவே மலை.

மிசுஸு ஒகாதா,
நகராட்சிச் சுற்றுச்சூழல் பிரிவு, ஆண்டொப்பந்தம்,
நெசாவா ஓடையில் இடுப்பளவு நாணலுக்குள் நிற்கிறாள்.
டார்ச்சின் வாயில் சிவப்புக் காகிதம்.
கையில் ஸ்டாப்வாட்ச்.
ஜூன் பதினாறு. மழை விட்டு ஒரு மணி நேரம். பத்தொன்பது டிகிரி.
குளிர்ந்தால் அவை நிதானிக்கும்;
வெப்பநிலை எழுதாத கணக்கு கணக்கில்லை.

நாலு. நாலு. நாலேகால்.
நாலு.
இரண்டு.

பாலத்துக்கு அப்பால் குரோசுமியின் விடுதி.
வெள்ளம் கரையை அரித்துப்போன மறுவருடம்
ஓடை இருண்டு கிடந்தது.
பனிப்பெட்டியில் பாசி விரித்து, ஷிகாவிலிருந்து
ஐந்நூறு வாங்கி வந்தார்.
சொல்லிக்கொள்ளவில்லை, மறைக்கவும் இல்லை.
"வருகிறவர்கள் யாரும் நொடி எண்ணுவதில்லை அம்மா" என்றார்,
தேநீரை இவள் பக்கம் நகர்த்தி.

படிவத்தில் இரண்டு கட்டங்கள்:
உள்ளூர். அயல்.

இவளும் மேற்குக்காரி, ஒகயாமா.
கல்யாணமாகி வந்தபோது கொண்டுவந்த மின்கடிகாரம்
இங்கே மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கியது.
பழுது என்றார் கணவர்.
பழுதில்லை.
அங்கே மின்சாரம் நொடிக்கு அறுபது முறை அலைகிறது,
இங்கே ஐம்பது.
தனக்குத் தெரிந்த அறுபதை எண்ணி முடித்த பிறகே
அது ஒரு நொடி என்று ஒப்புக்கொண்டது.
பதினோரு நாள் பார்த்துவிட்டுக் கழற்றினாள்.
அலமாரியில் இருக்கிறது, பன்னிரண்டு முப்பத்தைந்தில்.

ஒன்பதுக்கு மேல், காற்று நின்றதும்,
நீரில் சாய்ந்த மூங்கிலடியில்
மூன்று.
கைப்பிழையோ என்று மறுபடி அழுத்தினாள்.
மூன்று.
இரண்டே முக்கால். மூன்று.
குளிரில்லை காரணம்; பக்கத்துக் கிளையில்
ஒன்று இரண்டிலேயே மின்னிக்கொண்டிருக்கிறது.
குறிலுமில்லை, நெடிலுமில்லை.
சொல்லின் தலையில் நின்று குறுகும் ஐகாரம்போல
ஒன்றரை.
நம் இலக்கணத்தில் அதற்கு இடமுண்டு, பெயருமுண்டு.
படிவத்தில் இல்லை.

அறிஞர்கள் சிலர் தனி இனம் என்கிறார்கள்,
சிலர் வட்டார வழக்கு என்று சிரிக்கிறார்கள்.
சில ஆண்டு முன்பு பேரினத்தின் பெயரையே மாற்றினார்கள்.
ஓடைக்கு இன்னும் கடிதம் வரவில்லை.

வாயிருந்தும் உண்ணாத உயிர்,
பனி நக்கிப் பத்து நாள்.
அதற்குள் யாருக்கு யார் பதில் சொல்வது?
புல்லடியில் ஒரு பெண்பூச்சி சொல்கிறது,
ஒரே ஒருமுறை, தாழ்வாக.
மூன்றுக்கா, இரண்டுக்கா, தெரியவில்லை.
மிசுஸு மணி எழுதினாள், 3.0 என்று எழுதினாள்,
கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை.

மறுநாளே திரும்பி வந்தது, செந்நிற முத்திரையோடு:
கட்டம் நிரப்பப்படவில்லை.

ஜூன் பதினெட்டு. பலத்த மழை. பதினேழு டிகிரி.
எண்ணிக்கை: இல்லை.
திரும்பும்போது பாலத்தடியில் குனிந்து
டார்ச்சை அணைத்தாள்.
ஈரப்பாசியில் முட்டைகள்.
அவையும் ஒளிரும், கண் பழக வேண்டும்,
மிக மங்கலாய்,
விட்டுவிட்டு அல்ல.
கட்டைவிரல் ஸ்டாப்வாட்ச்மேல் இருந்தது.
எங்கே தொடங்குவது என்று அதற்குத் தெரியவில்லை.