மண்ணடி, இரவுப் பணி

கடைசி ரயில் போனபின்
வரைபடக் கண்ணாடிக்குச் சோப்பு நுரை பூசுகிறேன்.
நுரை வடிய நான்கு நிமிடம் ஆகும்.
அதற்குள் ஓர் அணியை இறக்கியாக வேண்டும்,
ஆள்காட்டி விரலால்.

விம்கோ நகர் பணிமனையில் எப்போதும் பிளாரன்ஸ்.
அவளுக்குப் பின்னால் தண்டவாளம் கிடையாது,
வலைதான்.
தண்டையார்பேட்டைக்குச் சற்று முன்
ரயில் சட்டென்று மண்ணுக்குள் சறுக்கும் இடம்
ரஹ்மத்துன்னிசாவுக்கு.
சறுக்கிப் பந்தைப் பறிப்பவள்.
மூன்று வருடமாக அவள் தொடையில்
தோல் முழுசாக இருந்ததில்லை.

மண்ணடி நான். பெயரே போதும்.

உயர்நீதிமன்றத்தை எங்களில் யாருக்கும் தரவில்லை.
அது கொடிக்காரர் தணிகாசலத்துக்கு.
வெயில் கண்ணில் அடிக்கிறது என்று சொல்லிக்கொண்டே
ஆஃப்சைடு கொடுத்தவர்.
மேல்முறையீடு? போய்ப் பாருங்கள்,
டீ குடித்துக்கொண்டிருப்பார்.

சென்ட்ரலில் குணவதி.
இரண்டு தடமும் அவள் காலுக்கு வந்துதான் பிரிகின்றன.
பச்சையில் ஒன்று தட்டினால்
எழும்பூரில் பெர்னதெத் எழும்பி நிற்பாள்,
நெற்றியில் பழைய தையலோடு.

எல்.ஐ.சி.க்கு மூன்று பெயர் எழுத வேண்டியிருக்கிறது.
மூன்றும் முட்டி போனவை.
ஒன்றுக்கும் ஒரு பைசா வரவில்லை.

ஆயிரம் விளக்கு.
எங்கள் மைதானத்தில் எரிவது ஒன்று,
அதுவும் ரேஷன் கடைத் தெருவுக்கு வைத்தது;
வெளிச்சம் தவறி எங்கள் மேல் விழுகிறது.
ஆகவே அந்த நிலையத்தில் ஆள் இல்லை.
‘பாக்கி 999’ என்று மட்டும் எழுதுவேன்.

தேனாம்பேட்டைக்குள் நுரை இறங்கத் தொடங்கிவிடும்.
நந்தனம், சைதாப்பேட்டை
மாற்று ஆட்டக்காரிகளுக்குப் பாதிப் பெயர்தான் கிடைக்கும்.
எப்போதும் அப்படித்தான்.

ஆனால் விமான நிலையத்தை விடமாட்டேன்.
கை எட்டாது, வாளியைக் கவிழ்த்து ஏறி எழுதுவேன்:
செண்பகவல்லி.
இடது ஓரத்தில் அவள் ஓடினால்
நாய்கள்கூட ஒதுங்கும்.
இப்போது தோஹாவில்,
பெரிய ஸ்டேடியத்தில் நாற்காலி துடைக்கிறாள்.
எட்டாவது வரிசையிலிருந்து போட்டோ அனுப்பினாள்.
புல் நிஜம்தானாம்.
தொட விடவில்லையாம்.

பதினொருவரில் ஒன்பது பேர் வியாசர்பாடி.
கண்ணாடியில் வியாசர்பாடி இல்லை.
நீலம் கடலை ஒட்டிப் போகிறது,
பச்சை மேற்கே திரும்பிவிடுகிறது,
நடுவில் நாங்கள் ஆடுமிடம் வெள்ளைத்தாள்.
ஊரெல்லாம் நிலையமாக நின்றுவிட்டு
விடிகாலையில் ஷேர் ஆட்டோவுக்குச் சில்லறை தேடுகிறோம்.
அந்த வெள்ளையில் எதுவும் எழுதுவதில்லை.
கட்டைவிரலை ஊன்றி ஒரு வட்டம்,
பந்தை வைத்துத் தொடங்கும் அளவுக்கு.

சூப்பர்வைசர் கமலக்கண்ணன் ஒருநாள்
பின்னால் வந்து நின்றதை நான் பார்க்கவில்லை.
வேலை போச்சு என்று வைப்பரை ஓங்கினேன்.
‘இரு’ என்றார்.
மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு
மேலிருந்து கீழ்வரை படித்தார்.
‘பச்சையில டிஃபென்ஸ் வீக்கா இருக்கே.
கோயம்பேட்டுல யாரு?’
யாருமில்லை சார்.
‘லெஃப்ட் பேக்கைக் காலியா விட்டா
எவன் வேணா உள்ள வருவானே’ என்றவர்
தன் விரலை நீட்டினார்.
அதற்குள் கோயம்பேடு வழிந்து
தரைக்கு வந்திருந்தது.
துடைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

இன்று காலை பணி மாறும் நேரம்.
கையில் குழந்தை, தோளில் எக்ஸ்ரே உறையோடு ஒருவர்:
‘சென்ட்ரலுக்கு எத்தனை ஸ்டேஷன்மா?’
தூக்கக் கலக்கத்தில் சொல்லிவிட்டேன்:
‘தணிகாசலம் தாண்டினா குணவதி.’
அவர் தலையாட்டிவிட்டு ஏறிக்கொண்டார்.
கதவு மூடியபின்தான் உறைத்தது.
சரியாகத்தான் இறங்கியிருப்பார்.