ஒரு தாள் இருபது காசு

எங்கள் ஊர் பத்து லிமா.
பத்து என்றால் மலாயில் கல், லிமா என்றால் ஐந்து.
தமிழில் வாசித்தால் பத்து, மலாயில் வாசித்தால் ஐந்து.
கணக்கெடுக்க வருகிறவர்கள்
ஊர்ப் பெயரிலேயே குழம்பிவிடுகிறார்கள்.

ஒய்பியின் சேவை மையத்துக்கு நேர் எதிரே என் கடை.
நகல் எடுப்பேன், படம் பிடிப்பேன்,
பாரம் எழுதிக் கொடுத்தால் மூன்று வெள்ளி.
அழுகிறவர்களிடம் இரண்டு.

சோமாயி அழுததில்லை, மூன்று வெள்ளிதான் கொடுப்பாள்.
வேலிக்கு அந்தப் பக்கம் பிறந்தபோது அவள் சோம்ஜாய்.
செம்பனைக் குலை வெட்டும் சன்னாசிதான்
கைபிடித்துக் கூட்டி வந்தான்.
தோட்டத்து வாய்க்குள் வந்து விழுந்த பெயர்
ஒரே வாரத்தில் சோமாயி ஆகிவிட்டது.
மாரியம்மன் கோயிலில் மூன்று முடிச்சு.
பதிவு இலாகாவில்
நான்காவது முடிச்சு ஒன்று உண்டென்று
அன்று யாரும் சொல்லவில்லை.

ஆகவே முகிலரசன்
சட்டப்படி அப்பன் இல்லாதவன்.
அப்பன் முற்றத்தில் உட்கார்ந்து சுருட்டுப் பிடிக்கிறான்.
தாய் நாட்டில் போய்க் கேள் என்றார்கள்.
வேலி ஆறு மைல்தான்.
அங்கே போனால், யாருப்பா நீ என்கிறார்கள்.
ராத்திரியில் மோட்டார் சைக்கிளில் வரும்
சயாம் அரிசிக்கு மட்டும்
இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள்.

பதினோரு வருஷமாக நகல் எடுக்கிறேன்.
மருத்துவச்சியின் வாக்குமூலம், ஊசி அட்டை,
தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் கடிதம்,
ஓட்டத்தில் இரண்டாம் பரிசு வாங்கிய சான்றிதழ்.
இதற்குள் நான்கு ஒய்பி, மூன்று கொடி.
ஒருவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே
கொடியை மட்டும் மாற்றிக்கொண்டார்.
நால்வரும் ஒரே பதில்:
டாலாம் ப்ரோசெஸ்.

தமிழில் அதற்கு என்ன, என்று சோமாயி கேட்டாள்.
வெந்துகொண்டிருக்கிறது, என்றேன்.
யாரு, என்றாள்.

போன மாதம், விடிய இரண்டு மணிக்கு
லயத்தின் இரண்டு முனையிலும் லாரி.
வங்காளதேசத்துப் பையன்களைத்தான் தேடி வந்தார்கள்.
குத்தகைக்காரன் பெர்மிட் பணத்தைச்
சம்பளத்தில் பிடித்தான், கட்டவில்லை.
மொஃபிசுல் ஒரு காலில் மட்டும் செருப்போடு ஏறினான்.
ஒய்பி நடத்தும் பந்து விளையாட்டுக்குக்
கோப்பை கொடுப்பவன் அந்தக் குத்தகைக்காரன்.
லாரி அவன் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

முகிலரசனிடம் அட்டை கேட்டார்கள்.
நகல் காட்டினான்.
இந்த ஊர்க்காரன் என்றால் நெகாராக்கூ பாடு, என்றார் அதிகாரி.
பாடினான்.
பள்ளிக்கூடத்தில் திங்கட்கிழமை பாடுவதுபோல
கைகளை ஒட்டி வைத்து, முழுதாக.
பாட்டு என்பதால் அவர்களும் நேராக நின்றார்கள்.
முடிந்ததும்
லாரிக் கதவைச் சாத்தினார்கள்.

முகாம் வாசலில் சோமாயியிடம்
அசலைக் கொண்டு வா என்றார்களாம்.
அசல் உங்ககிட்டதானே இருக்கு, என்றாளாம்.

நேற்று ஒய்பியின் உதவியாளன் ஹைருல் வந்தான்.
நல்ல பையன், கடனை நேரத்துக்குக் கொடுப்பவன்.
இரண்டாயிரம் துண்டறிக்கை வேண்டுமாம்.
ஒய்பி கூப்பிய கையோடு.
மேலே, 'எல்லை மக்களின் பாதுகாவலர்.'
பின்பக்கம் வெறுமை.

என்னிடம் ஒரு கோப்பு இருக்கிறது.
சேவை மையம் 'பெற்றுக்கொண்டோம்' என்று
முத்திரை குத்திய பதினான்கு தாள்,
தேதியோடு, கையெழுத்தோடு.
குத்தியவர்களே மறந்துபோனது.
ராத்திரி கதவை இழுத்துவிட்டு
பதினான்கு முத்திரையையும் ஒரே பக்கமாக ஒட்டினேன்.
கண்ணாடியில் வைத்தேன்.
இரண்டாயிரம் தடவை பச்சை வெளிச்சம் போய்வந்தது.
பயமாகத்தான் இருந்தது.
கடை லைசென்ஸ் டிசம்பரில் முடிகிறது.

காலையில் ஹைருல் கட்டைப் பிரித்தான்.
ஒன்றைத் திருப்பினான்.
நின்று வாசித்தான்.
மூன்றாவது முத்திரைக்குக் கீழே
அவனுடைய கையெழுத்து.
அக்கா, பின்பக்கம் மை ஒட்டியிருக்கு, என்றான்.
ஆமாம் தம்பி, என்றேன்.

நானூறு வெள்ளியை எண்ணி வைத்தான்.
வெளியே போய் வெகுநேரம்
வண்டியைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தான்.
பிறகு கட்டை முன்கூடையில் வைத்து
ஓட்டிக்கொண்டு போனான்,
மையத்துக்கா, சந்தைக்கா,
வளைவில் லாரி மறைத்ததால்
எனக்குத் தெரியவில்லை.