அரை மீன்

டிரியெஸ்டேயில் போரா காற்று அடிக்கிற நாளில்
சுவர் பூசக் கூடாது.
தெரிந்துதான் வந்தோம், நானும் லீவியோவும்.
வாடகை வேன் அன்றைக்குத்தான் கிடைத்தது.

ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துணி திணித்தோம்.
ஆறு மாதம் ஊறிய சுண்ணாம்பு, பளிங்குத் தூள்,
தயிர்ப் பதம்.
முதல் பூச்சு சொரசொரப்பு. இரண்டாவது மெலிசு.
மூன்றாவதைப் பூச்சென்றே சொல்ல முடியாது,
கரணை விளிம்பால் சுவரைத் தடவிக்கொடுப்பது.
பிறகு அழுத்தம்.
எஃகின் சூடு மணிக்கட்டுக்கு ஏறும்வரை
அழுத்த அழுத்தத்தான்
சுண்ணாம்பு கண் திறக்கும்.

வீட்டுக்காரி ஒந்தீனா
இருபத்தாறு வருடம் டிராமில் டிக்கெட் பரிசோதித்தவள்.
சோபாவைவிட்டு எழாமல்
எங்களையும் பரிசோதித்தாள்.
பார்டருக்குத் திராட்சைக்கொடி காட்டினேன்,
கிரேக்கச் சுருள் காட்டினேன்.
"நெத்திலி" என்றாள்.
"வரிசையாக. எல்லாம் ஒரே பக்கம் பார்த்து."

இரண்டு ராத்திரி உட்கார்ந்து
எண்ணெய் தடவிய அட்டையில் நெத்திலி வெட்டினேன்.
கண்ணைத் தாங்கப் பாலம் விட மறந்ததில்
முதல் அட்டையில்
எல்லா மீனுக்கும் கண் உதிர்ந்தது.

கூரை ஒரு பக்கம் இரண்டு விரற்கடை சரிவு.
ரசமட்டம் ஒன்று சொன்னது, கண் வேறு சொன்னது.
கண் பேச்சைக் கேட்டுச் சுண்ணக்கயிறு தெறித்தோம்.
பிரஷ்ஷில் நிறம் மிச்சமிருக்கிறதா என்று
சந்தேகம் வருமட்டும்
பழைய செய்தித்தாளில் துடைத்தேன்.
அப்புறம் குத்தல், குத்தல், குத்தல்.
இழுத்தால் அட்டைக்கடியில் நீலம் புகுந்து
மீனுக்கு மீசை முளைக்கும்.

கதவுக்குப் பின்னால்தான் தொடங்கியிருந்தேன்.
எந்தச் சுற்றும் தொடங்கிய இடத்தில் சரியாக வந்து முட்டாது.
முட்டாதது
கதவு மறைவில் முட்டாமல் கிடக்கட்டும் என்று.

மூன்றாம் சுவரில் ஏணி மேல் நிற்கையில் சொல்கிறாள்:
"அந்தக் கதவைக் கழற்றணும்.
வெள்ளிக்கிழமை சக்கர நாற்காலி வருது.
கதவு இருந்தா நுழையாது."

லீவியோ என்னைப் பார்த்தான்.
நான் டேப்பை எடுத்தேன்.
நாற்பது மீன் போனால் அரை மீன் இடம் மீதி.
"கடைசிச் சுவரில் ஒவ்வொன்றையும் ஒரு நூல் தள்ளி வை,"
அவன் கிசுகிசுத்தான், "யாருக்குத் தெரியப்போகிறது?"

"எனக்கு" என்றது சோபா.
"இனி நாள் முழுக்க இதைத்தானே பார்த்துட்டிருப்பேன்.
ஆளில்லாத சீட்டும் டிராமோடதான் ஓடுது. விடு."

விட்டோம்.
வெற்றிடத்தில் மட்டும் கரணையை இன்னொரு முறை அழுத்தினேன்.
அதற்கு அவசியமில்லை.
கதவில் ஆறு திருகு. ஐந்து வந்தன.
ஆறாவது துருவோடு மல்லுக்கு நின்று
சாயங்காலம்தான் விட்டுக்கொடுத்தது.
கதவு இருந்த இடம் வழியாக
போரா சமையலறைவரை போய்
எதையோ தள்ளி உடைத்தது.

பில்லில் எழுதினேன்:
நெத்திலி, நூற்று நாற்பத்திரண்டு.
பேனாவை வாங்கி அவள்
பக்கத்தில் 'அரை' என்று சேர்த்து
அதற்கும் எண்ணி வைத்தாள்
சில்லறை.